அவனுக்காக எடுத்து வைத்த ஆட்டக்காரன்

என் மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன முதல் வருடம், அவனோடு தொலைபேசியில் பேச எனக்கு விஷயமே கிடைக்கவில்லை. அலுவலகத்தில் நான் வாயை மூடினால்தான் அதிசயம். சப்ளையர்களோடு அரை நாள் சண்டை போடுகிற ஆள் நான். ஆனால் அவனிடம் உடம்பையும் அங்கத்திய குளிரையும் விசாரித்து முடித்ததும் வார்த்தை தீர்ந்துவிடும். "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பான். நானும் விட்டது தொல்லை என்கிற மாதிரி போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, அவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீடு பஹ்ரைனில், ஈசா டவுனில். அவன் பிறந்தது திருச்சியில் என்றாலும் வளர்ந்தது முழுக்க இங்கேதான். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இங்கிருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஏதாவது ஒரு திசையில் பறந்துவிடும், அவனும் பறந்தான். அது தெரிந்ததுதான். தெரிந்த விஷயம் வலிக்காது என்று நினைத்தது என் மடத்தனம்.

ஒருநாள் அவனாகவே என்னைக் கூப்பிட்டான். அம்மாவை இல்லை, என்னை.

"அப்பா, எங்க ஃபேன்டஸி லீக்ல ஒரு ஆள் குறையுது. நீங்க சும்மா பேருக்கு இருங்க. ஒண்ணும் பண்ண வேணாம், ஆப்பே டீம் செட் பண்ணிடும்."

"என்ன லீக்? கிரிக்கெட்டா?"

"ஃபுட்பால்ப்பா. அமெரிக்கன் ஃபுட்பால்."

அந்த விளையாட்டை நான் ஹோட்டல் டிவியில் பார்த்திருக்கிறேன். கால்பந்து என்று பெயர், காலால் தொடுவதே அபூர்வம். ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், பத்துப் பேர் அவன் மேலே விழுகிறார்கள், விசில் அடிக்கிறது, எல்லோரும் எழுந்து நின்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். ஆனாலும் அவன் கேட்ட நொடியில் சரி என்றேன். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவன் கேட்டபோது எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். அவனும் அவன் கல்லூரிச் சிநேகிதர்களுமாக ஒரு டஜன் பேர். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் எல்லோரும் ஆன்லைனில் உட்கார்ந்து, வரிசைப்படி, சுற்றுச் சுற்றாக, ஆளுக்கு ஒரு ஆட்டக்காரனாக எடுத்துத் தங்கள் அணியைச் சேர்ப்பார்கள். அதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். நிஜ மைதானத்தில் அந்த ஆட்டக்காரன் நன்றாக ஆடினால் அவனை எடுத்தவருக்குப் புள்ளி. வாரத்துக்கு ஒருவரோடு மோதல், புள்ளி அதிகம் எடுத்தவருக்கு ஜெயம். நம் ஊர் கிரிக்கெட் ஆப்பில் ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. ஒருவர் எடுத்துவிட்டால், அவராக மாற்றிக் கொடுத்தால் ஒழிய, அந்த வருடம் முழுக்க மற்றவர்களுக்கு அவன் கிடையாது.

முதல் வருடம் நான் கடைசி இடம். ஆனால் வாரா வாரம் எதற்காவது அவனைக் கூப்பிடக் காரணம் இருந்தது. யாரை உட்கார வைக்கலாம், யாருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது, ஏன் என் ஆளுக்குப் பந்தே தரமாட்டேன் என்கிறார்கள். அவன் சலிக்காமல் சொல்லித் தருவான். என் கேள்விகளைக் கேட்டுச் சிரிப்பான். மனைவிக்குத்தான் பொறாமை. "அப்பாவும் புள்ளையும் என்னதான் பேசுறீங்க இவ்வளவு நேரம்? எனக்கு மட்டும் 'ம்', 'ஓகே'தான்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

அடுத்த கோடை விடுமுறைக்கு வந்தான். வெளியே கால் வைக்க முடியாத வெயில்; திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, லேப்டாப் முன்னால் நாங்கள் இருவரும் கிடந்தோம். அப்போதுதான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னான். பந்தை இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். அந்தப் பையன் ஒரு ரன்னிங் பேக். கல்லூரியை முடித்துவிட்டு அந்த வருடம்தான் பெரிய ஆட்டத்துக்குள் வருகிறான். அப்படி முதல் வருடம் ஆடுகிறவனை ரூக்கி என்பார்கள்.

மகன் அவனுடைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினான். நாலு பேரை உதறிவிட்டு ஓடுகிறான், ஒருவன் தலைக்கு மேலே தாண்டுகிறான். நான் அசரவில்லை. பர்ச்சேஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் நான். சாம்பிள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? புது சப்ளையர் ஒருவன் வந்தால் அவன் கொண்டுவந்த பொருளைக் கடைசியில்தான் பார்ப்பேன். இப்போது அந்த ஆர்டர் யாரிடம் இருக்கிறது, ஏன் அவரை விட்டுவிட்டு இவனிடம் வர வேண்டும், வாகன வசதி இருக்கிறதா, இதைத்தான் முதலில் கேட்பேன்.

"இதேதான்ப்பா!" என்று துள்ளினான். "டேலண்ட் எல்லாருக்கும் இருக்கு. பால் எத்தனை தடவ கைக்கு வரும், அதான் மேட்டர்."

பையனுக்கு முன்னால் அதே அணியில் ஒரு பழைய ஆள் இருந்தார். முப்பதை நெருங்குகிறவர். அந்த ஆட்டத்தில் ரன்னிங் பேக்குக்கு அது கிழட்டு வயது. உடம்பு அவ்வளவு அடி வாங்கியிருக்கும். பழைய ஆள் ஓயும்வரை ரூக்கி பெஞ்சில்தான். அதனால் லீகில் யாரும் அவனைச் சீண்ட மாட்டார்கள், நடுவில் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது மகனின் கணக்கு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. புதுப் பையனுக்கு ஏன் பந்து தருவார்கள், என்ன நம்பிக்கை என்று தினமும் மல்லுக்கட்டினேன். பாதி நம்பித்தான் கட்டினேன், மீதிப் பாதி பேச்சு நீளட்டும் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பந்தின் பின்னால் ஓடத் தெரியாததால் அந்தப் பையனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அவனிடம் இல்லாத நேரத்தில் ஒரு காரியம் செய்தான். பந்தை எறியப் போகும் தன் ஆளை நோக்கிப் பாய்ந்து வந்த ஒரு தடியனைக் குறுக்கே போய் மறித்து, நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றான். அடுத்த முறையும் அதையே செய்தான்.

"இவன் எதுக்குடா அடி வாங்குறான்? பந்து அங்க இருக்கு."

மகன் வீடியோவைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். மறுபடி ஓட்டினான். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"அப்பா! ரூக்கிங்களுக்கு இதுதான் வராது. இது வராததாலதான் கோச் உள்ளயே விட மாட்டாரு. இவனுக்கு வருது. யாருமே இத பாக்கலப்பா. நீங்க பாத்துட்டீங்க."

அவன் சிறு பிள்ளையாக இருந்தபோதுகூட என் முதுகில் அப்படித் தட்டியதில்லை. அந்த இடம் ஒரு வாரம் சூடாகவே இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது.

ஆகஸ்ட் நடுவில் கிளம்பிப் போனான். போகும்போது மனைவி ஏர்போர்ட்டில் வழக்கமானதைச் சொன்னாள். "டிசம்பர்ல வந்துடு. ஆறு மாசம் தாண்டக் கூடாது, தெரியும்ல." இங்கே ரெசிடென்ஸி, அதாவது தங்கும் விசா, உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது போய்விடும். வெளிநாட்டில் படிக்கிற எங்கள் பிள்ளைகள் எல்லாம் அதற்காகவே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். விசா உயிரோடு இருக்கிறவரை அவன் இந்த வீட்டுப் பிள்ளை என்று அரசாங்கமும் சொல்கிறது, நமக்கு ஒரு தெம்பு. மகன் அவளைக் கட்டிக்கொண்டு, வருகிறேன் என்றான்.

ட்ராஃப்ட் ஒரு சனிக்கிழமை. அவர்களுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை. வரிசையில் என் முறைக்குப் பிறகு இரண்டு பேர், அதற்குப் பிறகு மகன். நடுச் சுற்று வந்தது. அந்தப் பையன் இன்னும் இருந்தான். மகன் சொன்னபடியே யாரும் தொடவில்லை. என் முறை.

நடுவில் இருந்த இருவரில் ஒருவனுக்கு ரூக்கிப் பைத்தியம் என்று மகனே சொல்லியிருந்தான். நான் பார்த்ததை அவனும் பார்த்திருந்தால்? கண்ணெதிரே கொத்திக்கொண்டு போய்விட்டால்? கடிகாரம் ஓடுகிறது. இந்த ஊரில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. கடையில் நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைப்போம், ஊருக்குப் போகும்போது உரியவரிடம் சேர்த்துக்கொள்ளலாம் என்று. அதே கையோடு அந்தப் பையனை எடுத்தேன். எடுத்துவிட்டு மகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். "கவலைப்படாதே, உனக்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் வாங்கிக்கொள்."

பதில் இல்லை. ட்ராஃப்ட் மும்முரத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு, இங்கே வேலை நாள்; ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆப் வழியாக அவனுக்கு ஒரு கோரிக்கை அனுப்பினேன். ரூக்கியை நீ எடுத்துக்கொள், பதிலுக்கு உன் கிக்கரைக் கொடு. கிக்கர் என்பவன் பந்தை உதைப்பதற்கு மட்டும் வருகிறவன். இந்த லீகில் அவனுக்கு மதிப்பே கிடையாது. இலவசமாகக் கொடுத்தால் ஆப் ஒத்துக்கொள்ளாது என்பதால் பேருக்கு ஒன்றைக் கேட்டேன். அது எல்லோர் திரையிலும் தெரியும் என்பதும், மற்றவர்கள் ஓட்டுப் போட்டுத் தடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது. நான் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் குரூப்பில் அமளி. எங்க அப்பாவையும் சேர்த்துக்கலாமா என்று ஒருவன். எனக்குக் கார் வேணும், அந்த அங்கிளிடம் கேட்டுச் சொல்லு என்று இன்னொருவன். லீகை நடத்துகிற பையன் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தான், இது கூட்டுச்சதி, அனுமதிக்க முடியாது என்று. மாற்றல் ரத்து.

அன்று சாயங்காலம் மகன் கூப்பிட்டான்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"உனக்குத்தானேடா எடுத்தேன். அந்த இன்னொரு பையன் கொத்திட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா போயிருக்கட்டும்ப்பா! அதுக்குப் பேருதான் கேம்."

"உனக்குச் செய்யாம நான் யாருக்குடா செய்யப் போறேன்?"



"அதான்ப்பா பிராப்ளம். ஃபீஸ் கட்டுனீங்க, லேப்டாப் வாங்கிக் குடுத்தீங்க, எல்லாம் ஓகே. தேங்க்ஸ். ஆனா இதுல நீங்க எனக்கு எதிர்ல உக்காந்து ஆடுவீங்கன்னு நெனச்சேன். சம்மர் ஃபுல்லா அப்படித்தான் இருந்துச்சு. ஐ லைக்ட் தட். இப்ப இங்கயும் வந்து எனக்கு வாங்கிக் குடுக்குறீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவன் கொடுத்தால் குற்றமா என்று கத்தினேன். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பந்து விளையாட்டில், பெற்ற பிள்ளையே என்னைச் சதிகாரனாகப் பார்க்கிறானே என்று ஆற்றாமை. "அம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

ஆற அமர யோசித்தபோது அவன் சொன்னது கொஞ்சம் புரிந்தது. சரி, எதிரே உட்கார்ந்துதான் ஆடுவோமே என்று முடிவு செய்தேன். அந்தப் பையனை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஆடினேன். சீசன் நடுவில் பழைய ஆளுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது; ரூக்கி உள்ளே வந்தான். வந்தவன் வெளியே போகவில்லை. நாங்கள் ஊகித்ததெல்லாம் அப்படியே நடந்தது. நானும் மகனும் மோதிய வாரம் அவனால்தான் ஜெயித்தேன். "பெத்த புள்ளைய ஜெயிச்சு என்ன கிரீடம் வெச்சுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. அவளுக்கு எப்படிச் சொல்வது? அவன் கேட்டதே அதைத்தானே. இப்போது கூப்பிடுவான், திட்டுவான், சிரிப்பான் என்று போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "நைஸ் டீம்ப்பா." அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அது தப்போ என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

டிசம்பரில் வரவில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் விடுமுறைக் கால வேலை கிடைத்திருக்கிறது, விட முடியாது என்றான். ரெசிடென்ஸி போய்விடுமே என்று மனைவி அழுதாள்.

"போனா போகட்டும்மா. அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்? விசிட்ல வந்துக்கலாம்."

அவன் சொன்னது நியாயம்தான். எனக்கே இங்கே கான்ட்ராக்ட் இருக்கும்வரைதான் இடம். பிப்ரவரியில் ஆறு மாதம் தாண்டியது. விசா காரியங்களைப் பார்க்கிற ஆபீஸ் ஆள் என் மேஜைக்கு வந்து, "பையன் வரலையா பாய்? கலாஸ், முடிஞ்சுபோச்சு, இனிமே விசா புதுசாத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரிந்த செய்திதான். ஆனாலும் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

பிறகு பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். கூப்பிட்டால் எடுக்க மாட்டான். மறுநாள் ஒரு வரி வரும். பிறகு அந்த ஒரு வரி வாரம் ஒன்றாயிற்று. லீகில் மட்டும் வருடா வருடம் அவன் பெயர் இருந்தது. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, வேறு ஊருக்கு மாறுகிறேன் என்று ஒரு செய்தி. எந்த ஊர் என்று கேட்டேன். சொல்கிறேன் என்றான். மனைவியிடம், அவனுக்கு இப்போது ட்ரெய்னிங், தலை நிமிர நேரமில்லை என்று நானே ஒன்றைக் கட்டிவிட்டேன். லீகில் பேசிக்கொள்கிறோம் என்றும் சொல்லி வைத்தேன்.

இந்த ஆகஸ்டில் லீகை நடத்துகிற பையன் எழுதினான், இந்த வருடமும் இருக்கிறீர்களா டாட் என்று. அவர்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உடனே சரி என்றேன். மகன் வருவான் அல்லவா, வேறெங்கே வராவிட்டாலும் இதற்கு வருவான்.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால் அவன் பெயர் இருந்த இடத்தில் வேறு யாரோ. நான் கேட்பதற்கு முன்னால் அவர்களே என்னைக் கேட்டார்கள். "டாட், அவன் எங்கே? வசந்த காலத்திலேயே குரூப்பை விட்டுப் போய்விட்டான். எங்கள் யாருக்கும் பதில் போடுவதில்லை. நன்றாக இருக்கிறான்தானே?"

என்னோடு பேசாவிட்டாலும் சிநேகிதர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். அதை நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டும் இருந்தேன். அந்தக் கோபம்கூட ஒரு நிம்மதியாக இருந்திருக்கிறது. "புது வேலை, ரொம்ப பிஸி. நன்றாக இருக்கிறான்" என்று தட்டினேன். யாரோ ஒருவன் இதயம் போட்டான்.

என் முறை வந்தது. திரையில் இந்த வருடத்து ரூக்கி ஒருவன். அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது தெரியும். தோற்ற நாளில் யாரோடும் பேசாமல் பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்காருவான் என்று அவன் கோச் சொன்னதும், வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் போடுவதும் தெரியும். என் மகன் வயதுதான் அவனுக்கும். என் மகன் எந்த ஊரில் இருக்கிறான், யாரோடு இருக்கிறான், தோற்ற நாளில் எங்கே போய் உட்காருகிறான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நேரம் முடிவதற்குள் அந்தப் பையனை எடுத்தேன்.

மனைவி டீயோடு வந்து என் பின்னால் நின்றாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனால் அவற்றில் ஒன்று அவன் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

"சாப்பிட்டானான்னு கேளுங்க."

லீக் பையன்கள் எல்லோரும் எழுதிக்கொள்கிற பெட்டியில் எதையோ தட்டுவதுபோல விரல்களை அசைத்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"சாப்பிட்டானாம்" என்றேன்.